இரண்டு மணிக்கு உறையும் தண்ணீர்

பிப். 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து ஐஸ் மழை. கார் கண்ணாடியைச் சுரண்டவே இருபது நிமிஷம். சுரண்டுகிற கட்டை பி. காரில், பி. கார் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில், பி. நியூயார்க் ஆபீஸில். புருஷனுக்கு இந்த நோட்டில் ஒரு எழுத்து போதும், கை வலிக்கிறது. லைப்ரரி கார்டால் சுரண்டினேன். கார்டு உடைந்தது.

பாப்பா நேற்று நாலு தடவை எழுந்தாள். பல்லா, காதா, தெரியவில்லை. பத்து மாசத்தில் நான் தொடர்ந்து மூணு மணி நேரம் தூங்கியது எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்து, இரண்டோடு நின்றுபோனது.

ரூட் ஒன் முழுக்க பிரேக் லைட். லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது 9.40.

பரிசோதனை ஓட்டம் எண் 31. கெட்டுப்போனது.

எழுதினால் தலை தெளியுமா பார்ப்போம். குளிர் அறை, உள்ளே மைனஸ் பதினைந்து. நடுவில் ஆள் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, மூடி கிடையாது. கடல் அளவு உப்புப் போட்ட தண்ணீர். அடியில் துடுப்பு சுற்றும், மேலே மின்விசிறி அடிக்கும். அண்டார்டிகா கரைக்கு எங்கள் டூப்ளிகேட். அங்கே நிலத்திலிருந்து கடலைப் பார்த்துக் காற்று இறங்கி அடிக்கும். மேலே படிகிற ஐஸைத் தள்ளிக்கொண்டே போகும். திறந்த தண்ணீர் ஓயாமல் புரளும். சும்மா கிடக்கிற தண்ணீர் என்றால் பாலில் ஆடை படிகிற மாதிரி மேலே படிந்துவிடும். கிண்டிக்கொண்டே இருக்கிற பாலில் ஆடை ஏது. அதனால் உறைய வேண்டிய அளவுக்கும் கொஞ்சம் கீழே குளிர்ந்துபோய், ஆனாலும் தண்ணீராகவே நிற்கும். ஒரு டிகிரியில் நூறில் சில பங்குதான். அப்புறம் எங்கிருந்தோ ஒரு துளி ஐஸ் விழ வேண்டும். விழுந்ததும் மேலே மட்டும் இல்லை, ஆழத்திலும், தண்ணீர் முழுக்க, நொய்யரிசியைவிடச் சின்னதாக வட்ட வட்டத் தட்டுகள். ஃப்ரேசில் என்று பேர். ஒன்றோடொன்று மோதி உடைந்து, உடைந்த ஒவ்வொரு துண்டும் இன்னொரு தட்டு. அப்புறம் மிதந்து மேலே வந்து கஞ்சி மாதிரி சேரும்.

அந்தத் துளி ஐஸை மைனஸ் 1.98க்கு வந்ததும் நான் போட வேண்டும். அதுதான் பரிசோதனையே. ஆனால் நான் போடுவதற்கு முன்னாலேயே உறைந்துவிடுகிறது. 31 ஓட்டத்தில் 19 இப்படி. இன்றைக்கும் வெளியே போய் இருபத்தைந்து நிமிஷத்தில் வந்து பார்த்தால் தொட்டி முழுக்கக் கஞ்சி. பாப்பா முதல் தடவை குப்புற விழுந்ததும் இப்படித்தான். நான் குளிக்கப் போயிருந்தேன்.

ஹெலன் (என் புரொஃபசர்) தொட்டி அழுக்கு என்கிறாள். மூணு தடவை கழுவியாகிவிட்டது.

மத்தியானம் ஹெலன் தன் ரூமுக்குக் கூப்பிட்டாள். திட்டு என்று நினைத்துப் போனேன். ஆராய்ச்சிக் கப்பலில் ஒரு இடம் காலியாம். போக வேண்டிய பையனுக்கு முதுகில் ஆபரேஷன். மார்ச் 28 கிளம்பி மே 20 திரும்புவது. அண்டார்டிகா கரையில், கடல் உறைய ஆரம்பிக்கிற சமயம் பார்த்து. பதில் பதின்மூணாம் தேதி வெள்ளி மாலை ஐந்துக்குள்.

பாப்பாவுக்கு ஏப்ரல் 5 ஒரு வயசு.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

லேபில் பால் பம்ப் பண்ணியது: 10.30க்கு 120 மி.லி., 2.00க்கு 90. குறைகிறது.

யாரிடமும் சொல்லவில்லை.


பிப். 4, புதன்

வெயில், பல் கூசுகிற குளிர். ஓட்டம் 32. அதே கதை.

வாங்க வேண்டியது: டயப்பர் 4ஆம் சைஸ், அத்தைக்கு மூட்டு வலித் தைலம், சுரண்டுகிற கட்டை இரண்டு, வெந்தயம்.

சாயங்காலம் பி. ஷூவைக் கழற்றும்போது, இன்றைக்கும் ஒழுங்காக உறையவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அத்தை, பி.யின் அம்மா, நவம்பரில் சேலத்திலிருந்து வந்தவர், கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"வீடு இந்தக் குளிர்ல கெடந்தா எப்படி உறையும்? ஓவன்ல லைட்டைப் போட்டு உள்ள வைன்னு எத்தனை தடவை சொல்றேன்."

பி. சிரித்துவிட்டார். நான் சிரிக்கக் கூடாது என்று நினைத்து சிரித்துவிட்டேன். அத்தை விடவில்லை. உறை மோர் புளிச்சுப் போயிருக்கும், மிளகாய்க் காம்பு ரெண்டு கிள்ளிப் போடு, எந்தத் தேசத்துலயும் உறையும் என்றார்.

"அம்மா, அவ தொட்டியில மிளகாய்க் காம்பு போட்டா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எனக்கென்னடா தெரியும். உறையலைன்னா தயிர்தான்."

கோபம் இல்லை, ஆனால் ரசத்தில் உப்பு தூக்கல்.

படுத்த பிறகும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். தூக்கம் இல்லாததால்தான், வேறு ஒன்றும் இல்லை.

நாலு வருஷமாக ஃப்ரேசிலைக் கணக்கில் எழுதுகிறேன், தொட்டியில் வளர்க்கிறேன். கடல் உறைந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. கடலையே பதினோரு வயசில்தான் பார்த்தேன், மெரினாவில், ஸ்கூல் டூரில். அலை காலை இழுத்ததும் அழுதேன் என்று டீச்சர் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தாள்.


பிப். 6, வெள்ளி

பி.யிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம். பாப்பா மடித்ததைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வா" என்றார். மடிக்கிற கை நிற்கவே இல்லை.

அவ்வளவு சுலபமாக அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டைக்கு நாலு வாக்கியம் காரில் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். எட்டு வாரம் என்றேன். தெரியும் என்றார். பிறந்தநாள் என்றேன். வீடியோ கால் என்றார். கப்பலில் வீடியோ வராது, மெயிலே தடுக்கித் தடுக்கித்தான் என்றேன். அப்போதுதான் கை நின்றது.

"பாப்பாவை யாரு பாத்துப்பா?"

"அம்மா இருக்காங்கல்ல."

அதுதான். அவருடைய 'போயிட்டு வா'வுக்குள் அத்தை இருந்தார். அத்தைக்கு மார்ச் 10 டிக்கெட். அதற்கப்புறம் டே கேர், பேர் பதிந்தாயிற்று. எட்டரையிலிருந்து ஐந்தரை வரைதான் வைத்துக்கொள்வார்கள். பி. நியூயார்க்கிலிருந்து வருவது ஏழு.

அவருக்கு ஆபீஸில் அப்பா லீவ் ஆறு வாரம் அப்படியே கிடக்கிறது. பாப்பா பிறந்தபோது ப்ராஜெக்ட் மும்முரம் என்று எடுக்கவில்லை. ஒரு வயசு முடிவதற்குள் ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. நினைவுபடுத்தினேன். இப்போ ஆள் குறைக்கிற நேரம், இப்போ போய் ஆறு வாரம் கேட்டா மேனேஜர் லிஸ்ட்ல என் பேரை முதல்ல போடுவான் என்றார். பொய் இல்லை. போன மாசம் அவர் டீமில் இரண்டு பேர்.

நான் பாப்பாவின் சாக்ஸுக்கு ஜோடி தேடினேன். ஏழு சாக்ஸ், ஒரு ஜோடியும் இல்லை.

பயங்கள், வரிசை இல்லாமல்:
காய்ச்சல் மருந்து எந்த டிராயரில் என்று பி.க்குத் தெரியாது.
திராட்சையை நாலாக வெட்ட வேண்டும் என்று தெரியும், ஆனால் அவசரத்தில் இரண்டாக வெட்டுவார்.
நான் திரும்பி வரும்போது அவளுக்கு என்னைத் தெரியாது.
தெரியும், ஆனால் வர மாட்டாள்.
கப்பல்.
போகாவிட்டால், ஆகஸ்டில் என் கான்ட்ராக்ட் முடிகிறது, பிறகு கடல் எனக்கு மெரினாவோடு சரி.


பிப். 8, ஞாயிறு

பிரிட்ஜ்வாட்டர் கோயில். பார்க்கிங்கில் ஐஸ் உருக உப்பு கொட்டி வைத்திருக்கிறார்கள், வேட்டி ஓரமெல்லாம் வெள்ளை. பாப்பா அர்ச்சகரின் மணிச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திடுக்கிட்டாள்.

போகிற வழியில் காரில் பி. தன் அம்மாவிடம் மொத்தத்தையும் சொல்லிவிட்டார். நான் பின்சீட்டில் பாப்பாவோடு. எக்ஸிட் தவறிப்போகும் அளவுக்குச் சுற்றி வளைத்து, கடைசியில், மே வரைக்கும் இருந்துட்டுப் போங்களேன் என்றார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேன்டீனில் பி. டோக்கன் வாங்க வரிசையில் நின்றார். எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் புளியோதரை. அத்தை பாப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார், என்னைப் பார்க்காமல்:

"ரெண்டு பெத்து வளத்துட்டேன் கண்ணு. மூணாவது வளக்க எனக்கு இடுப்பு இல்ல. கோச்சுக்காத."

கோபம் வந்தது. அஞ்சு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் பார்த்தால் உடம்பு லேசாக இருந்தது. இந்த வாரம் முழுக்க என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள். மாமாவுக்கு ஏப்ரல் நடுவில் கண் ஆபரேஷன், தனியாக இருக்கிறார், போனில் தினமும் 'நல்லா இருக்கேன்' என்பார், அத்தை போனை வைத்ததும் 'பொய்' என்பார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நானும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் போகக் கூடாதுன்னு சொல்றீங்களா என்று கேட்டேன். அதை நான் எப்பச் சொன்னேன் என்றார். நான் இருக்க மாட்டேன்னுதான் சொன்னேன், நீ போக வேணாம்னு சொல்லல, ரெண்டையும் முடிச்சுப் போடாத.

பக்கத்து மேஜை ஆன்ட்டி ஒருத்தி பாப்பாவைக் கொஞ்ச வந்து, பர்த்டே எப்போ, ஹால் புக் பண்ணியாச்சா, இப்பவே பண்ணலைன்னா கிடைக்காது என்றாள். ஏப்ரல் அஞ்சு என்று நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனில் பஞ்சாங்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பங்குனி புனர்பூசம். இருபத்தாறாம் தேதியே வருது, வியாழக்கிழமை."

மார்ச் 26. கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால்.

நட்சத்திரம்தான் பிறந்தநாள், அஞ்சாம் தேதி வெறும் காலண்டர் என்று அந்த ஆன்ட்டியிடம் அடித்துச் சொன்னார். டோக்கனோடு வந்த பி., அஞ்சாம் தேதிக்கு கேக் வெட்டியே ஆகணும் என்றார். நீ வெட்டிக்கோ என்றார் அத்தை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு ஏப்ரல் நாலு வரை இருப்பாராம். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

யாரும் என்னைக் கேட்கவில்லை, போகிறாயா என்று.


பிப். 9, திங்கள்

மேகமூட்டம். பனி வரும் வரும் என்று போன் சொல்கிறது, வரவில்லை.

ஓட்டம் 34. 1.50க்குத் தண்ணீர் மைனஸ் 1.95. இன்னும் பத்து நிமிஷம் நின்றால் 1.98. ஆனால் பால் கட்டி வலி. சரி என்று போய்விட்டேன். திரும்பி வந்தால் கஞ்சி. கம்ப்யூட்டரில் வெப்பக் கோட்டைப் பார்த்தேன்: 1.53க்கு வெப்பம் கீழே போவதை நிறுத்தி மேலே ஏறியிருக்கிறது. உறையும்போது தண்ணீர் சூட்டை விடும், அதனால் கோடு ஏறும். அந்த ஏற்றம்தான் பிறந்த நேரம்.

1.53. இந்த எண் எங்கேயோ பார்த்தது போல இருந்தது.

பழைய ஓட்டங்களைத் திறந்தேன். கெட்டுப்போன 21க்கும் ஏற்ற நேரம் எழுதினேன். 10.26. 1.55. 10.24. 1.57. 10.31. 1.52. பதினொன்றரைக்கு ஒன்றும் இல்லை. மூணு மணிக்கு ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு எப்படி நேரம் தெரியும்?

பம்ப் ஆப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். 10.30. 2.00. 10.29. 2.01.

எழுந்து குளிர் அறைக்குப் போய் உள்ளே நின்றேன். கதவின் மேல் சட்டத்தில், கூரையில், விரல் தடிமனுக்கு வெண்பனி. கதவைத் திறந்தால் வெளியே இருக்கிற ஈரக் காற்று உள்ளே வரும், விளக்கு வெளிச்சத்தில் பொடிப் பொடியாக மின்னிக்கொண்டே எல்லாம் இறங்கும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அழகு என்று நின்றுகூடப் பார்த்திருக்கிறேன். இறங்கி நேரே திறந்த தொட்டிக்குள்.

அழுக்கு இல்லை. தண்ணீர் தானாக உறையவும் இல்லை. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் உறை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஆறு வாரம். முப்பத்தி நாலு ஓட்டம். ஹெலன் தன் கையாலேயே மூணு தடவை தொட்டி கழுவினாள், அறுபது வயசில், முட்டி போட்டு.

சொல்லாமல் இருந்துவிடலாம். வெண்பனியைச் சுரண்டிவிட்டு, தொட்டி இப்போ சுத்தமாகிவிட்டது என்று சொல்லலாம். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். கப்பலுக்குக் கூப்பிட்ட வாரத்திலா இது.

பாப்பா கோட்டுகூடக் கழற்ற விடவில்லை. சோபாவில் அப்படியே உட்கார்ந்து கொடுத்தேன். குடித்துக்கொண்டே என் ஐடி கார்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.


பிப். 11, புதன்

சொல்லிவிட்டேன். நேற்று ஹெலன் ஊரில் இல்லை, அதனால் ஒரு நாள் கூடுதலாகப் பயப்பட்டேன்.

இரண்டு பட்டியலையும் அவள் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

திட்டவில்லை. இந்த நேரங்கள் எவ்வளவு துல்லியம் என்று கேட்டாள். பம்ப் தொடங்குகிற நிமிஷம்தான் ஆப்பில் இருக்கும், கதவு திறந்தது அதற்குச் சில நிமிஷம் முன்னால் என்றேன். வெளியே வரும்போதும் கதவுக்கு கார்டு தட்டுகிறாய் அல்லவா என்றாள். ஆமாம். அப்படியானால் ஒவ்வொரு தட்டலும் நொடி சுத்தமாக எங்கேயோ பதிவாகியிருக்கும்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. எந்த நொடியில் விதை ஐஸ் விழுந்தது என்று தெரிந்தால் அந்த 21 ஓட்டமும் கெட்டவை இல்லை. நான் கையால் போட்டதைவிட ஒழுங்கான கணக்கு. கடலிலும் யாரும் இடுக்கியால் போடுவதில்லை, காற்றில் உறைந்த அலைத் துளியும் பனிப்பொடியும் இப்படித்தான் வந்து விழும், கரைக் காற்று செய்கிற வேலையை நீ செய்திருக்கிறாய் என்றாள்.

அப்புறம், நீ ஏன் அறைக்குள்ளேயே நின்று பார்த்து முடித்துவிட்டுப் போகவில்லை என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். தலையாட்டினாள். தன் மகனுக்கு இரண்டு வயசாக இருந்தபோது முதல் தடவை தெற்கே, அண்டார்டிகாவுக்குப் போனாளாம். அவன் என்னைக் கூப்பிடுவதே இல்லை இப்போது, ஆனால் அதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி என்றாள். சிரிக்கலாமா என்று தெரியாமல் பாதி சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி, நினைவிருக்கிறதல்லவா என்றாள்.

பி.யிடம் சொன்னேன். அவர் சிரித்ததைவிட அத்தை சிரித்ததுதான் அதிகம். நீயே உறை ஊத்திட்டு நீயே யாரு ஊத்தினான்னு தேடினியா என்று கேட்டுக் கேட்டு, இருமல் வரும் வரை. எனக்கும் நன்றாக இருந்தது. அப்புறம் பி. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, ஆக போறேன்னு முடிவு பண்ணிட்டியா என்றார். உங்க லீவைப் பொறுத்தது என்றேன். குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கேட்கிறேன் என்றார். எப்போ என்று சொல்லவில்லை.


பிப். 13, வெள்ளி

கடைசியில் பனி வந்தது. காலையில் ஈரப்பனி, மத்தியானம் சேறு.

கணக்கு: அத்தை ஏப்ரல் 4 வரை. பி. லீவ் கிடைத்தால் மார்ச் 30 முதல் மே 8. மிச்சம் பன்னிரண்டு நாள். டே கேர், அந்த நாட்களில் பி. வீட்டிலிருந்து வேலை. லீவ் கிடைக்காவிட்டால் இந்தக் கணக்கு முழுக்க ஓட்டை.

ஹெலனுக்கு இரண்டு மெயில் எழுதி வைத்தேன். ஒன்று போகிறேன், ஒன்று மன்னிக்கவும். இரண்டுமே மூணு வரி. மன்னிக்கவும் எழுதியது சீக்கிரம் முடிந்தது, அதில் தப்பு ஒன்றும் வரவில்லை. போகிறேனில் என் பேரையே தப்பாக அடித்திருந்தேன்.

2 மணிக்கு பி.யிடமிருந்து ஒன்றுமில்லை. 3 மணிக்கு 'மீட்டிங்' என்று ஒரு வார்த்தை. மன்னிக்கவும் மெயிலின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். பொய் இல்லை, நினைத்தேன். யாரும் என்னைத் தப்பு சொல்ல மாட்டார்கள். குழந்தைக்காக என்று சொன்னால் சேலத்திலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ வரை எல்லோரும் தலையாட்டுவார்கள்.

3.50க்கு ட்ரெயினிலிருந்து கூப்பிட்டார். சத்தம், பாதி கேட்கவில்லை.

"கேட்டுட்டேன். ஆறு வாரம். குடுத்துட்டான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிக்கவும் இல்ல." சுரங்கத்துக்குள் போய் வந்த மாதிரி குரல் அறுந்து ஒட்டியது. "கவி, எனக்குப் பயமா இருக்கு. அவன் லிஸ்ட் போட்டா போடட்டும், அது இல்ல. பாப்பாவை நெனச்சாத்தான். தனியா நான் அவளை ஒரு முழு நாள் பாத்ததில்ல."

பத்து மாசத்தில் அவர் எனக்குச் சொன்னதிலேயே நல்ல வாக்கியம் இது. எனக்கும்தாங்க என்றேன். எனக்கும் பயம்தான் என்று சொல்ல வந்தேனா, நானும் முதலில் பார்த்ததில்லை என்று சொல்ல வந்தேனா, தெரியவில்லை. லைன் போய்விட்டது.

4.47க்கு அனுப்பினேன். பேரைத் திருத்தி.

அனுப்பியதும் சந்தோஷம் வரவில்லை. கப்பலில் ஏறப் பல் டாக்டரிடம் சர்டிஃபிகேட் வேண்டும், ரத்தப் பரிசோதனை, கையெழுத்து பதினொரு இடத்தில். அப்புறம் பால். ஒரேயடியாக நிறுத்தினால் கட்டிக்கொள்ளும், ஒவ்வொரு வேளையாக விட வேண்டும் என்று நர்ஸ் போனில் சொன்னாள். அத்தை வேப்பிலை அரைத்துத் தடவு, ரெண்டே நாள், பால் மறக்கடிச்சிரலாம் என்றார். இந்தியக் கடையில் வேப்பம்பொடி பார்த்தேன். வாங்கவில்லை. கசப்பு வைத்து அனுப்ப எனக்கு மனசில்லை. அவள் கையில் இல்லாத வேளையிலிருந்து ஆரம்பிக்கலாம், லேபில் பம்ப் பண்ணுகிற வேளைகளிலிருந்து. முதலில் 2 மணி.


பிப். 17, செவ்வாய்

மைனஸ் எட்டு, வெளியே. காற்று இல்லை. கார் இரண்டாவது தடவைதான் கிளம்பியது.

ஓட்டம் 38. கதவுச் சட்டத்து வெண்பனியையெல்லாம் நேற்றே சுரண்டி எடுத்தாயிற்று. 1.30க்கு உள்ளே போனேன், ஸ்டூல், கனமான பார்க்கா கோட்டு, இரண்டு ஜோடி கையுறை. கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன், திறக்காதே என்று.

1.52: மைனஸ் 1.94. பால் கட்ட ஆரம்பித்தது.
2.00: மைனஸ் 1.96. இது வரை இந்த நேரத்தில் நான் இந்த அறையில் இருந்ததே இல்லை.
2.04: நெஞ்சு கல். கசிந்தது, பேடைத் தாண்டி, சட்டையில். முதலில் வெதுவெதுப்பு, கொஞ்ச நேரத்தில் சில்லென்று. எழுந்து கதவு வரை போனேன். கைப்பிடியைத் தொட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுதினால் பெரிதாக இருக்கும். மூக்கு ஒழுகியது.
2.11: மைனஸ் 1.98. இடுக்கியில் ஒரு சிட்டிகை ஐஸ் பொடி, தொட்டியின் இடது மூலையில்.

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த மூலையில் தண்ணீர் கொஞ்சம் மங்கினாற்போல. கண்ணோ என்று துடைத்துக்கொண்டேன். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒரு மினுக்கல், இரண்டு, துடுப்புச் சுழலில் கீழே போய் மேலே வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பு. எண்ண முடிகிற வரை எண்ணினேன். நாலு நிமிஷத்தில் தொட்டி முழுக்க, அடியிலிருந்து மேல் வரை, எல்லாம் புரண்டுகொண்டே, ஒன்றும் ஒட்டாமல். வெப்பக் கோடு ஏறியது. நாலு வருஷமாக என் வேலை. முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்து பார்த்தேன்.

3.05க்கு வெளியே வந்தேன். தாய்மார் அறையில் வலி போகிற அளவுக்கு மட்டும் கையால் எடுத்து, சிங்க்கில் விட்டேன். ஆப்பில் 2 மணிக்கு ஒன்றும் பதியவில்லை. ஹெலனிடம் காட்டினேன். நல்ல கோடு என்றாள். அவ்வளவுதான்.

வீடு. அத்தை தூங்குகிறார். பி. சீக்கிரம் வந்துவிட்டார், காய்ச்சல் மருந்து எந்த டிராயர், அளவு எவ்வளவு என்று கேட்டு போனில் எழுதிக்கொண்டார். திராட்சையை நாலாக வெட்டிக் காட்டினார். எட்டாக இருந்தது.

ஐந்தரைக்குப் பாப்பா தவழ்ந்து வந்து, பேன்ட்டைப் பிடித்து எழுந்து நின்று, சட்டையை இழுத்தாள். பி. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கொடுக்கலாமா என்று கேட்கவில்லை.

கொடுத்தேன். கப்பலுக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது.